கற்களின் எண்ணிக்கையைத் தலைப்பில் போட விடாதீர்கள்

ஒன்ராறியோ, பிரிட்டிஷ் கொலம்பியா பங்குப் பத்திர ஆணையங்களுக்கும், மற்ற மாகாணங்களில் அதே பொறுப்பை வகிப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் ஸ்காபரோவில் வரிக் கணக்குப் பார்ப்பவன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்தமிழர்; தொழிற்சாலையிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறவர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவர்கள் கொண்டுவரும் உறைகளுக்குள் சில வேளை டி101 படிவம் இருக்கும். கம்பனி கனிமத் தேடலுக்குச் செலவழித்த பணத்தைப் பங்குதாரர் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ளக் கொடுக்கப்படுவது அது. கூடவே, வடக்கே வைரம் கிடைத்துவிட்டது என்று சொல்லும் கம்பனி அறிவிப்பு ஒன்றையும் மடித்து வைத்திருப்பார்கள். "இது நல்ல செய்திதானே, அண்ணா?" என்று கேட்பார்கள்.

எந்தக் கம்பனியையும் பெயர் சொல்லிக் குற்றம்சாட்ட இந்த மடலை எழுதவில்லை. அறிவிப்பு எழுதப்படும் முறையைப் பற்றியே முறையிடுகிறேன். அந்த முறையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

தலைப்பில் ஓர் எண் இருக்கும்: இத்தனை வைரங்கள். அவை எப்படி எண்ணப்பட்டன என்பது மூன்றாம் பக்கத்தில் இருக்கும். பாறையை எரிசோடாவில் உருக்குகிறார்கள். மற்றதெல்லாம் கரைந்து போக, வைரம் கரையாமல் மிஞ்சுகிறது. மிஞ்சியதைச் சல்லடைகளில் அரிக்கிறார்கள். கடைசிச் சல்லடையின் கண் பெரும்பாலும் 0.106 மில்லிமீற்றர். அதில் தங்கிய துகளும் ஒரு வைரம் என்றே கணக்கில் ஏறுகிறது. அந்த அளவுள்ள துகள்கள் ஏறத்தாழ 50,000 சேர்ந்தால்தான் ஒரு கரட் எடை வரும். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் மணலா கல்லா என்று கண்ணுக்குத் தெரியாது. சுரங்க ஆலைகளோ ஒரு மில்லிமீற்றர் அளவிலும் அதற்கு மேலும் உள்ள கற்களைப் பிடிக்கவே அமைக்கப்படுகின்றன. ஆகவே தலைப்பில் மின்னும் எண்ணிக்கையில் பெரும்பகுதி ஒருநாளும் விற்பனைக்கு வரப்போவதில்லை.

புவியியலாளருக்கு இந்த நுண்வைரங்கள் உண்மையிலேயே பயன்படுகின்றன. சிறிய கற்கள் எந்த அளவில் எத்தனை என்று பார்த்து, பெரிய கற்கள் இருக்கும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தொன் பாறையை எடுத்துச் சோதிக்கும் செலவு தகுமா என்று தீர்மானிக்க அந்தக் கணிப்பு உதவுகிறது. பங்கு வாங்குகிறவரிடம் அதைப் புதையல் போலக் காட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எல்லாரும் கைகாட்டும் உதாரணம் எக்காட்டி வைரச் சுரங்கம். 1991 நவம்பரில் வடமேற்குப் பிரதேசத்தின் பொயின்ற் லேக்கில் வைரம் தாங்கி வரும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட்டில் 59 கிலோவிலிருந்து 81 சிறு வைரங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். அதன் பின் லாக் டி கிராஸ் ஏரியைச் சுற்றி நிலம் பிடிக்கப் பெரும் ஓட்டமே நடந்தது. 1998இல் எக்காட்டி சுரங்கமும் திறந்தது. இன்றைய அறிவிப்புகள் கதையை இத்தோடு நிறுத்திவிடுகின்றன. ஆனால் எக்காட்டி தொடங்கியது பொயின்ற் லேக்கில் அல்ல. பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட பாண்டா என்ற வேறொரு குழாயில் (நிலத்துக்குள் குழாய் போல இறங்கும் கிம்பர்லைட் பாறைத் திரளை அப்படிச் சொல்வார்கள்). அந்த 81 வைரங்களைத் தந்த குழாயைத் தோண்ட மூன்று தசாப்தங்கள் கடந்தன. 2025இல், விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அங்கே வேலையை நிறுத்திவிட்டார்கள். நாட்டின் மிகப் புகழ்பெற்ற வைர அறிவிப்புக்கே இதுதான் கதி.

எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தொன்னுக்கு எத்தனை கரட் என்று பார்த்தாலும் போதாது. லெசோத்தோவின் லெட்செங் சுரங்கத்தில் நூறு தொன் பாறைக்கு இரண்டு கரட் அளவில்தான் கிடைக்கிறது. கற்கள் பெரியவை, விலை கூடியவை என்பதால் அது பிழைத்திருக்கிறது. 2020இல் மூடப்பட்ட அவுஸ்திரேலியாவின் ஆர்கைலில் ஒரு தொன்னுக்கே பல கரட் கிடைத்த காலம் உண்டு. பெரும்பாலானவை பழுப்பு நிறச் சிறு கற்கள், மலிவானவை. விலை தெரிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கரட்டுகளை மேசையில் கொட்டி மதிப்பிட வேண்டும்.

அதையும் செய்து தவறியவர்கள் இருக்கிறார்கள். கியூபெக்கின் முதல் வைரச் சுரங்கமான ரெனார் முறையான மாதிரியெடுப்பு, விலை மதிப்பீடு, சாத்தியக்கூற்று ஆய்வு எல்லாவற்றையும் தாண்டி வந்தது. மாகாண அரசின் பணமும் அதில் இருந்தது. விற்றபோது கிடைத்த விலை மதிப்பிட்டதற்கு வெகு கீழே இருந்தது. ஆலையில் கற்கள் உடைந்ததும் ஒரு தொல்லை. 2019 செப்டம்பரில் அதை நடத்திய ஸ்ரோர்னவே கம்பனி கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரியது. பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நுனாவுட்டின் ஜெரிக்கோ 2006இல் திறந்து 2008இல் நின்றுபோனது. உண்மையான சுரங்கங்களுக்கே இப்படி நேர்ந்திருக்கும்போது, சில பத்துக் கிலோ பாறையை உருக்கியவர்கள் எந்தத் துணிவில் "அடுத்த எக்காட்டி" என்கிறார்கள்?

பெரிய சுரங்கத்திலிருந்து இத்தனை கிலோமீற்றர் தூரத்தில் எங்கள் நிலம் என்று படம் போடுவது இன்னொரு பழக்கம். கிம்பர்லைட் குழாய்களில் மிகப் பெரும்பாலானவை சுரங்கமாகத் தேறுவதே இல்லை. ஒரே கொத்தில் பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அந்தப் படத்தால் ஒன்றும் நிறுவப்படவில்லை.

வரிச் சலுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தரகர்கள் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். உயர்ந்த வரி வீதத்தில் இருக்கும் மருத்துவருக்கு அந்தக் கழிவு பெரிது. மணித்தியாலச் சம்பளக்காரருக்குத் திரும்பி வருவது சொற்பம். கழிவு எடுக்கும் இந்தப் பங்கின் கொள்விலையைச் சட்டம் பூச்சியமாகக் கருதுவதால், பங்கு ஒன்றுமில்லாமல் போகும்போது மூலதன நட்டமும் காட்ட முடியாது. இதைப் படிவத்தோடு வந்தவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

விதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரே-எக்ஸ் என்ற கம்பனியின் தங்க மோசடி 1997இல் வெடித்த பிறகு, கனிமத் தகவலை வெளியிடுவது பற்றிய என்.ஐ. 43-101 விதியை 2001இல் கொண்டுவந்தீர்கள். தகுதி பெற்ற ஒருவர் தொழில்நுட்பத் தகவலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆக்கினீர்கள். அது பெரிய காரியம். ஆனால் இன்றைய அறிவிப்பில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்துகொண்டே முழுவதும் தவறான எண்ணத்தைத் தர முடிகிறது. சல்லடை அட்டவணை கடைசியில் இருக்கிறது, எச்சரிக்கை அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில் எண்ணிக்கை மேலே.

ஆகவே கேட்கிறேன். கற்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அதே வாக்கியத்தில் பாறையின் எடையையும், கற்களின் மொத்தக் கரட் எடையையும், அவற்றில் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை எத்தனை என்பதையும் சொல்லக் கட்டாயப்படுத்துங்கள். சொல்ல முடியாவிட்டால் எண்ணிக்கை தலைப்பில் வரக்கூடாது. இந்த முடிவிலிருந்து படிவின் தரமோ வைரத்தின் விலையோ தெரியவராது என்ற வரி முதற்பத்தியில் இருக்கட்டும். பக்கத்துச் சுரங்கத்தின் பெயர் தலைப்பிலிருந்து நீங்கட்டும். காசு வாங்கிப் பங்கைப் புகழ்ந்து எழுதுகிறவர், யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதட்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். இருக்கும் விதியில் சில வரிகள் போதும். அடுத்த வரிப் பருவத்துக்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்காவது இதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களின் அனுபவங்களை, அவர்கள் சம்மதத்தோடு, எழுத்தில் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வரிக் கணக்காளர்