பல்லைப் பிடுங்கும் முன்

கும்பகோணம்
14.11.2024

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பேரனுக்குப் பெயர் வைத்த கதையை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர. ஈறில் ரத்தம் வருகிறது, கடைவாய்ப் பல் இரண்டு ஆடுகிறது, தை பிறந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல் செட் கட்டப் போகிறேன் என்கிறாய். விடுதியில் முழுக் கரும்பைப் பல்லாலேயே உரித்தவன் நீ! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவசரப்பட்டுப் பிடுங்காதே. முதலில் ஈறு சிகிச்சையில் தனியாகப் பட்டம் பெற்ற மருத்துவரிடம் போய், ஈறு பல்லை விட்டு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்.

எனக்கும் இதே கதைதான். ரத்தம் வருகிறது என்று சொன்ன போதெல்லாம் ஒருவர் மாத்திரையும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் எழுதிக் கொடுத்தே நான்கு வருடம் ஓட்டிவிட்டார். போன வருடம் மகள் வற்புறுத்தி வேறொரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்த்தார். உதவியாளப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். "மூன்று, இரண்டு, மூன்று..." மூன்று மில்லிமீட்டர் வரை கவலையில்லையாம். வலது கீழ்க் கடைவாய்க்கு வந்ததும் "ஏழு" என்றார். அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாளைக்கு வாயின் ஒரு பக்கம் என்று இரண்டு நாளில் ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டி எடுத்தார்கள். எடுத்த காரையை, அதாவது பல்லில் படிந்து இறுகிப்போன அழுக்கை, பஞ்சில் வைத்துக் காட்டினார். புளியங்கொட்டைத் தோல் போலக் கறுப்பாக, நகம் பதியாத கெட்டி. இத்தனை நாள் இதையா சுமந்தேன் என்று இருந்தது.

காரை எடுத்தால் பல் ஆடும் என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பல்லை ஆட்டுவது அதைத் தாங்கும் தாடை எலும்பின் தேய்மானம். எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், காரையும் வீங்கிய ஈறும் அதை மறைத்துக்கொண்டிருக்கும். வீக்கம் வடிந்ததும் பல் நீண்டு தெரியும், இடுக்கில் கீரை மாட்டும், குளிர்ந்த தண்ணீர் சுரீரென்று கூசும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கூச்சம் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மூன்றாம் மாதம் மறுபடி அளந்தார்கள். பெரும்பாலான இடங்கள் மூன்றுக்கும் நான்குக்கும் இறங்கியிருந்தன. அந்த ஏழு மட்டும் ஆறில் நின்றது. அங்கே ஈறை விலக்கித் திறந்து சுத்தம் செய்து, எலும்புத் தூள் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கிணறு போலக் குழிந்திருந்தால்தான் தூள் நிற்குமாம். மட்டமாகக் கரைந்திருந்தால் பயனில்லையாம். பத்து நாள் குழைந்த தயிர்சாதம், அவ்வளவுதான். லேசர் என்று விளம்பரம் பார்த்து மயங்காதே. அது கையால் சுரண்டுவதைவிடப் பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை என்றார் மருத்துவர்.

கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடின் மருந்து இரண்டு வாரத்துக்குத்தான். அதையே மாதக்கணக்கில் வைத்துக்கொண்டால் பல்லில் பழுப்பு ஏறும். எனக்குக் காலைக் காப்பியின் ருசியே போய்விட்டிருந்தது.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சர்க்கரையைப் பற்றி. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (ரிப்போர்ட்டில் HbA1c என்று இருக்கும்) ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். உன் மாத்திரைகளோடு இதையும் சேர்த்து நினைத்துக்கொள். புகையிலை போடும் வழக்கத்தை நீ விட்டாயா என்று எழுதவே இல்லை. விட்டிருக்காவிட்டால் இன்றே விட்டுவிடு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் ஈறு சரியாக ஆறாது.

எல்லாம் முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்வருகிறேன். தினமும் இரவு, புட்டி கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாக்கியது போன்ற ஒன்றால் பல்லிடுக்குகளைத் தேய்க்கிறேன். அந்தக் கடைவாய்ப் பல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன்னுடைய இரண்டில் ஒன்றைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம். அளந்து பார்த்துச் சொல்லட்டும், அதுவரை மற்றவற்றைத் தொடவிடாதே.

போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டையும், ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் கொண்டு போ. சில மாத்திரைகளாலும் ஈறு வீங்கும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாளைக் குறித்து எழுது. முந்தின நாள் இரவு ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராகவன்