உடுக்கைப் பாட்டை வெட்டாமல் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு நாட்டுப் பாட்டுகளுக்கு இணையத்தில் கிடைக்கும் வரவேற்பைப் பற்றிய உங்கள் கட்டுரை, பார்வைக் கணக்கோடு நின்றுவிட்டது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அண்ணன்மார் கதையைப் பாடும் உடுக்கைக் கலைஞர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

இரவிரவாகப் பாடும் கதையில் ஒரு துண்டை எடுத்து மூன்று நான்கு நிமிடப் பாட்டாக்குகிறார்கள். முதலில் வெட்டுப்படுவது, தொடக்கத்தில் தெய்வத்தை வணங்கிப் பாடும் காப்புப் பாட்டு. ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் கேட்ட கணக்கில் சேரும். அதனால் எடுத்த எடுப்பிலேயே தாளம் அதிரட்டும் என்கிறார்கள். அடுத்து, காதில் சீரான வேகத்தில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை ஓடவிட்டு, குரலைத் தனியாகவும் உடுக்கையைத் தனியாகவும் பதிகிறார்கள். பெரிய கேடு இதுதான். உடுக்கையின் நடுக்கயிற்றை இடக்கை இறுக்கித் தளர்த்தும்போது ஒலி ஏறி இறங்குகிறது. அண்ணன்மாரின் தங்கை தங்காள் அழும் இடத்தில் பாடுபவர் சொல்லை இழுத்தால், அந்தக் கையும் சொல்லுக்காகக் காத்திருக்கும். கிளிக் காத்திருக்காது. கடைசியில் சுருதி திருத்தும் மென்பொருள், குரலின் இழைவையெல்லாம் கீபோர்டு கட்டைகளுக்கு இழுத்து நிறுத்திவிடுகிறது.

நல்லபடியாகப் பதிவு செய்யப் பெரிய செலவில்லை. வாய்க்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒன்றரை அடி தள்ளி ஒரு மைக், பின்பாட்டுக்காரர் எதிரே முகம் பார்த்து உட்கார வேண்டும். கிளிக் வேண்டாம். குரல் மைக்கில் உடுக்கை கசியும். கசியட்டும், அது பாட்டின் உயிர். சுருக்கம் வேண்டுமானால் முழுப் பதிவையும் கூடவே வெளியிடுங்கள்.

ஒப்பந்தத் தாளையும் பார்க்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். அதை அடித்துவிட்டு ஆண்டுக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். 2012 திருத்தத்தின்படி கலைஞர் தன் பெயரைப் போடச் சொல்லலாம், நற்பெயரைக் கெடுக்கும் சிதைவை எதிர்க்கலாம். ஆனால் நேரத்துக்குள் அடக்குவதற்காக ஒரு பகுதியை நீக்குவது சட்டத்தின் கண்ணில் சிதைவு ஆகாது. இந்த ஓட்டை பலருக்குத் தெரியாது. ‘எங்கள் ஒப்புதல் இல்லாமல் வெட்டவோ வேறு தாளம் சேர்க்கவோ கூடாது’ என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருந்தாக வேண்டும்.

வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியைக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். இப்படியொரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். வெள்ளோட்டிலும் தாராபுரத்திலும் பாடுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் அதை எடுத்துக் காட்ட உதவும்.

வாசகர்,
காங்கேயம்