பைலட் வீடு இல்லை, மெக்கானிக் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தின் புது முனையம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,000 மீட்டராக நீட்டியது, 2025 ஜூலை 26-ல் பிரதமர் வந்து திறந்தது, இனி ஏர்பஸ் 321 வரைக்கும் இறங்கலாம் என்பது, எல்லாம் சரி. கூடவே நம் பக்கத்துப் பைலட்டுகள் என்று ஒரு பெட்டிச் செய்தியும் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும்தான், போன ஐப்பசியில் தவறிப்போன என் பெரியப்பாவைப் பற்றி எழுதத் தோன்றியது. வாழ்நாள் முழுக்க விமானத்தோடு பிழைத்தவர், ஒன்றைக்கூட ஓட்டியதில்லை.

1964-ல் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்தார். அங்கே ஆவ்ரோ என்கிற இரட்டை என்ஜின் விமானத்தில் கை பழகி, வெளியே வந்து இந்தியன் ஏர்லைன்ஸில் மெக்கானிக் ஆகி, ஓய்வு பெறும் வரை மீனம்பாக்கத்தில் விமானம் நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கர்தான். ஆவ்ரோவின் டார்ட் என்ஜின் காதைக் கிழிக்கிற மாதிரி வீலென்று கத்துமாம், அதிலேயே இடது காது போயிற்று, எங்கள் வீட்டில் எல்லாருமே சத்தமாகப் பேசுவதற்கு அதுதான் காரணம். ஊரில் எங்கள் வீட்டுக்கு 'பைலட் வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அது பிடிக்காது. "ஓட்டுதவன் வேற, ரிப்பேர் பாக்குதவன் வேறல்லா?" என்று கல்யாண வீட்டில்கூட ஆளை நிறுத்தித் திருத்துவார்.

சின்ன வயதில் எனக்கு லாக்கிங் ஒயர் போடக் கற்றுக் கொடுத்தார். போல்ட் தலையில் ஓட்டை இருக்கும், மெல்லிய ஸ்டீல் கம்பியை அதற்குள் விட்டு முறுக்கி அடுத்த போல்ட்டோடு கட்ட வேண்டும், ஒன்று கழலப் பார்த்தால் கம்பி மற்றதை இறுக்குகிற பக்கமாக இழுக்கும். கம்பி இழுக்கிற திசை மாறினால் வேலையே வீண். எங்கள் வயல் பம்புசெட்டில் அவர் போட்ட கம்பி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஹேங்கரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்த இடம் உண்டாம். வேலை முடிந்ததும் எண்ணுவார்கள், ஒன்று குறைந்தாலும் கிடைக்கிற வரைக்கும் விமானம் நகராது, ஏனென்றால் அது என்ஜினுக்குள்ளேயோ கண்ட்ரோல் கம்பிக்குப் பக்கத்திலேயோ கிடக்கலாம். இந்தப் பழக்கத்தில் என் அக்கா கல்யாணத்தன்று ஆக்குப்புரைக்குள் போய்க் கரண்டிகளை எண்ணிவிட்டார்! சமையல்காரர் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார், அப்பாதான் சமாதானம் செய்தார்.

வேலையைச் சரிபார்த்து உரிமம் உள்ள இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் எந்தப் பைலட்டும் அந்த விமானத்தை எடுக்க முடியாது. உங்கள் பெட்டிச் செய்தியில் அந்த ஆட்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. ஓய்வுக்குப் பிறகு, மகனை விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டு முக்கூடல், பாப்பாக்குடி பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் இவரிடம் வருவார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கல்லூரிச் சான்றிதழ் மட்டும் உரிமம் ஆகாது, விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் தேர்வுகளைத் தனியாக எழுதித் தேற வேண்டும், விமானத்தில் நேரடியாக வேலை பார்த்த அனுபவமும் காட்ட வேண்டும். இது தெரியாமல் நிலத்தை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டிவிட்டு வந்து நின்ற ஒருவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

வாகைகுளத்தில் விமானங்கள் ராத்திரி தங்க ஆரம்பித்தால் இந்த வேலைக்கு இங்கேயே ஆள் தேவைப்படும். பிள்ளைகள் ஏமாறாமல் படிக்க, உரிமம் வாங்கும் வழியை விவரமாக ஒரு கட்டுரையாகப் போடுங்கள்.

ஆவ்ரோ பக்கத்தில் பெரியப்பா நிற்கிற படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பது இந்த ஒரு பிரதிதான், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முக்கூடல்