பழைய கணினிகளைக் கழிக்கும் முன்: கணினிக் கூடப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் கணினிக் கூடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும், வலயக் கல்வி அலுவலகங்களில் தகவல் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். நான் கல்லடியில் கணினி திருத்தும் வேலை செய்பவன். பொருட்கணக்கெடுப்பு வரும்போது கணினிக் கூடத்துப் பழைய பெட்டிகள் 'பாவனைக்கு உதவாதவை' என்ற பட்டியலுக்குப் போகின்றன. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பாட வீடியோ போட்டா இழுத்து இழுத்து நிக்குது." இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஒரு கணினியையும் கழிக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் நிறுவனச் சிப்களில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை உள்ள கணினிகளை ஏற்பதில்லை. அதனால் நல்ல நிலையில் இருக்கும் நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகளும் ஓரமாகின்றன. சிலர் அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் நன்றாக வேலை செய்கிறது, வீடியோ மட்டும் தடக்குகிறது. உடனே பழி கணினியின் வயதிலோ இணைய இணைப்பிலோ விழுந்துவிடுகிறது.

இணையம்தான் காரணமா என்று பார்ப்பது லேசு. அதே வீடியோவை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கணினியிலேயே ஓடவிடுங்கள். அப்போதும் தடக்கினால் இணையத்தில் பிழையில்லை. வீடியோ ஓடும்போதே, கணினியின் வேலைச்சுமையைக் காட்டும் சிஸ்டம் மொனிட்டரைத் திறந்து பாருங்கள். சிபியூ (கணினியின் மூளையான செயலி) நூறு வீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும், விசிறி இரையும். வெளியே சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், ஏசி இல்லாத கூடத்தில், அந்தச் சூட்டில் சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு குரல் முன்னே போகும், படம் பின்னே வரும்.

நடப்பது இதுதான். வீடியோ சுருக்கப்பட்டு வருகிறது, அதை விரித்துத்தான் திரையில் காட்ட வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள படம் நொடிக்கு 30 தடவை மாறினால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 22 இலட்சம் புள்ளிகளைக் கணக்கிட்டுத் தர வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கென்றே 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் சிப்களிலிருந்தே கிராஃபிக்ஸ் பகுதிக்குள் தனிச் சுற்று இருக்கிறது. சரியான ட்ரைவர் (அந்தப் பகுதியை இயக்க உதவும் மென்பொருள்) இல்லாவிட்டால் வீடியோ பிளேயருக்கு அந்தச் சுற்று இருப்பதே தெரியாது, முழுச் சுமையும் சிபியூவின் தலையில் விழும். வாசலில் உழவு மெசின் நிற்க, மண்வெட்டியோடு வயலில் இறங்கியது போல.

ரேம் கூட்டினால் சரிவரும் என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசில் ரேம் வாங்கிப் போட்டது எனக்குத் தெரியும். வீடியோ அப்படியேதான் தடக்கியது. பெற்றோர் சேர்த்துக் கொடுத்த காசு அது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விண்டோஸ் கணினியென்றால் டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடாப்டரைப் பாருங்கள். 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் ட்ரைவரே இல்லை என்று அர்த்தம். விண்டோஸைப் புதிதாகப் போட்டவர் அதை விட்டுவிட்டுப் போயிருப்பார். அதை நிறுவினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

லினக்ஸில் இன்டெல் சிப்புக்கு இரண்டு ட்ரைவர்கள் உண்டு. ஐந்தாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் என்றால் 'இன்டெல் மீடியா விஏ ட்ரைவர்' (intel-media-va-driver), அதற்கு முந்தியவை என்றால் 'ஐ965 விஏ ட்ரைவர்' (i965-va-driver). இரண்டும் சொஃப்ட்வெயார் மனேஜரிலேயே கிடைக்கும். கூடவே 'விஏஇன்ஃபோ' (vainfo) என்ற சிறு கருவியையும் நிறுவி, கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் எச்264 (H264, வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) என்ற பெயருக்கு நேரே விஎல்டி (VLD) என்று முடியும் வரி இருந்தால், அந்தச் சிப் அந்த வகை வீடியோவைத் தானே விரிக்கும். பட்டியலுக்குப் பதில் பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் ட்ரைவரை மாற்றிப் போட்டிருப்பீர்கள். மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

ட்ரைவர் போட்டதோடு வேலை முடியாது, பிளேயரும் அதைப் பயன்படுத்த வேண்டும். நான் பரிந்துரைப்பது எம்பிவி (mpv) என்ற பிளேயர். வீடியோ ஓடும்போது கன்ட்ரோலோடு எச் விசையை அழுத்தினால் வன்பொருள் முடுக்கம், அதாவது அந்தத் தனிச் சுற்றாலேயே வீடியோவை விரிப்பது, இயங்கும். ஐ விசையை அழுத்தினால் எந்த வழியில் விரிக்கிறது என்று திரையிலேயே காட்டும். சிபியூ அளவு சரிவதைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது. படத்தில் பச்சைக் கோடுகள் வந்தால் அதே விசையால் நிறுத்திவிடலாம், ஒன்றும் பழுதாகாது.

யூடியூப் பாடங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற வேறு சுருக்கு முறைகளில்தான் வீடியோவை அனுப்புகிறது. விபி9-ஐ முழுமையாக விரிக்கும் சுற்று ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு பதினொன்றாம் தலைமுறை வேண்டும். நான்காம் தலைமுறைக் கணினியில் எவ்வளவு நல்ல ட்ரைவர் போட்டாலும் இந்த இரண்டும் சிபியூவில்தான் விழும். இதற்கு 'எச்264ஐஃபை' (h264ify) என்ற சிறு நீட்சியை உலாவியில் சேர்த்தால் யூடியூப் எச்264-ஐ அனுப்பும். 1080 வரைதான் கிடைக்கும், வகுப்புக்கு அது தாராளம். ஃபயர்ஃபொக்ஸைப் பாவியுங்கள். 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லினக்ஸ் கணினிகளில் வன்பொருள் முடுக்கம் அதில் தானாகவே இயங்குகிறது.

இந்தத் தலைமுறைகளுக்கெல்லாம் முந்திய கோர் டூ டுவோ காலத்துப் பெட்டிகளுக்காக நான் வாதாட வரவில்லை. அவற்றை வீடியோவுக்கு நம்ப முடியாது, தட்டச்சுப் பயிற்சிக்கு வைத்திருங்கள்.

வலய அலுவலகங்களிடம் நான் கேட்பது இரண்டு. கணினியொன்றைக் கழிக்கப் பரிந்துரைக்கும் படிவத்தோடு, ட்ரைவர் சரிபார்க்கப்பட்டதா என்பதை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பட்டிருப்பு, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, சம்மாந்துறை, திருக்கோவில் எந்த வலயமாக இருந்தாலும் அந்த ஒரு வரிக்குச் செலவில்லை.

மற்றது, பாடம் பதிவு செய்யும் ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள்: வீடியோவை எச்264-இல், 1280க்கு 720 அளவில் சேமித்துத் தாருங்கள். கரும்பலகை எழுத்து அதில் தெளிவாகத் தெரியும், கோப்பும் சிறிதாக இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சிக்னல் சரியாக எட்டாத பாடசாலைகளுக்கு அதைப் பென் டிரைவிலேயே கொடுத்தனுப்பலாம், அங்குள்ள பழைய கணினியும் அதைத் தடங்கலின்றி ஓட்டும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு கணினித் திருத்துநர்