உடைந்தால் உடையட்டும் என்று கொடுக்கக்கூடிய கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றின் மின்னணுவியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றைப்பலகைக் கணினிகள் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையோடும், அதற்குத் தடையாக நிற்பது பணம் அன்று, வேறொன்று என்ற வருத்தத்தோடும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2012 பிப்ரவரி 29 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை, ராஸ்ப்பெர்ரி பை என்ற பெயரில் 35 டாலர் விலையுள்ள கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வங்கி அட்டை அளவுள்ள ஒரே பலகையில் செயலி, 256 எம்.பி. நினைவகம், யூ.எஸ்.பி. துளைகள், தொலைக்காட்சியுடன் இணைக்கும் வழி எல்லாம் இருந்தன. அதை உருவாக்கிய எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் அந்த முயற்சியில் இறங்கிய காரணத்தை நம் பள்ளிகளில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கணினி அறிவியல் படிக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்போரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்களுக்கும் முந்தைய தலைமுறைக்கு இருந்த கைப்பழக்கம் இல்லை. முந்தைய தலைமுறை, 1981-இல் ஏக்கான் நிறுவனம் தயாரித்த பி.பி.சி. மைக்ரோ போன்ற இயந்திரங்களை வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து நிரல் எழுதிப் பழகியது. பின்னால் வந்த கணினியோ வீட்டுக்கே பொதுவான விலையுயர்ந்த சொத்தாகிவிட்டதால், பிள்ளை அதைப் பிரித்துப் பார்க்கவோ மாற்றிப் பார்க்கவோ பெற்றோர் விடவில்லை. ராஸ்ப்பெர்ரி பையின் முதல் வடிவங்களுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று அந்தப் பழைய பி.பி.சி. இயந்திரத்தின் பெயர்களையே இட்டதும், அதன் செயலி 1980-களில் ஏக்கான் பொறியாளர்கள் உருவாக்கிய ஆர்ம் என்ற செயலி வடிவமைப்பின் வழியில் வந்ததும் அந்த நினைவின் தொடர்ச்சிதான்.

நான் 2013-இல் ஒரு மாடல் பி வாங்கினேன். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வீடியோ ஜாக் இருந்தது. 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி எதிர்வீட்டுப் பரணில் துணி போர்த்திக் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, டி.வி.டி. பெட்டிக்குப் போடும் அதே மஞ்சள் வயரைச் செருகியபோது, திரையின் இடது மூலையில் ஒரு சிறு ராஸ்ப்பெர்ரிப் பழம் தோன்றி, அதன்கீழ் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடத் தொடங்கின. எழுத்துகள் சற்று மங்கலாகத்தான் தெரிந்தன. அளவைப் பெரிதாக்கிய பின் வாசிக்க முடிந்தது. 31 ஆண்டுகள் ஆய்வகத்தில் கழித்த எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

அதன்பின் விலை இன்னும் இறங்கியது. 2015 நவம்பரில் வந்த பை ஜீரோவின் விலை 5 டாலர். 65 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உடைய அந்தக் கணினியை அறக்கட்டளை தன் மாத இதழின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தது. ஒரு முழுக் கணினி பத்திரிகையோடு இலவச இணைப்பாக வந்த செய்தியை நம்ப மறுத்த என் பழைய சக ஊழியருக்குப் படத்தைக் காட்டித்தான் நம்பவைத்தேன். 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ, நான்கு உட்கருக்கள் (கோர்) கொண்ட செயலியோடும் வைஃபையோடும் 15 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. இப்போது என் மேசை மேல் இருப்பது அதுதான்.

எதிர்வீட்டுச் சிறுமி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய தந்தை விசைப்படகில் வேலை செய்பவர். எங்கள் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கீழிருந்தே அறிய ஒரு கருவி செய்யலாம் என்று அவளிடம் சொன்னேன். மீயொலி உணரி (சென்சார்) ஒன்றைப் பலகையோடு இணைத்து, தொட்டியின் மூடியில் பொருத்தினோம். அது மனிதக் காதுக்குக் கேளாத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் தண்ணீரை நோக்கி அனுப்பும். எதிரொலி திரும்பி வரும் நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தண்ணீர்ப் பரப்பு வரையுள்ள தூரம் கிடைத்துவிடும். பைத்தான் என்ற நிரல் மொழியில், மதிப்புகளைச் சேமித்து வைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியும் என்று காட்டியதும் அவள் 'தூரம்', 'நேரம்', 'நீர்மட்டம்' என்று எழுதிக்கொண்டாள். நிரல் பன்னிரண்டே வரிகள்தாம்.

நான்காம் நாள் அவள் ஒரு நோட்டுடன் வந்தாள். "தாத்தா, காலையில ஆறு மணிக்கு ஒரு அளவு காட்டுது, மத்தியானம் ரெண்டு சென்டிமீட்டர் ஏறிடுது. மோட்டாரே போடலையே?" என்றாள். தொட்டியில் யாரும் தண்ணீர் ஏற்றவில்லை, எடுக்கவும் இல்லை; ஆனாலும் தண்ணீர் உயர்ந்ததாகக் கருவி சொன்னது. நான் விடையைச் சொல்லாமல், மூடியைத் திறந்து கையை உள்ளே வைத்துப் பார் என்றேன். கறுப்புத் தொட்டிக்குள் நண்பகல் காற்று அடுப்படிபோல் கொதித்தது. காற்று சூடாகச் சூடாக ஒலி விரைந்து செல்லும். ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். எங்கள் நிரலில் பாடநூலில் உள்ளபடி நொடிக்கு 343 மீட்டர் என்று எழுதியிருந்தோம். அது 20 டிகிரிக்குரிய வேகம். கடலூர் வெயிலில் எதிரொலி சற்று முன்னதாகவே திரும்பிவிட, தூரம் குறைந்ததாகவும் தண்ணீர் ஏறியதாகவும் கணக்கு வந்தது. ஒரு வெப்பநிலை உணரியையும் சேர்த்து, வேகத்தை அவ்வப்போது திருத்திக்கொள்ளும்படி அவளே இரண்டு வரிகள் எழுதினாள். பாடநூலில் ஒரு வரியாக மனப்பாடம் செய்த செய்தியைத் தன் கையாலேயே கண்டுபிடித்த அந்தப் பிள்ளையின் முகத்தைத் தங்கள் வாசகர்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரமே அந்தப் பலகை எரிந்துபோனது. பலகையின் ஓரத்தில் 40 பின்கள் இரண்டு வரிசைகளில் உள்ளன. முதலாவது 3.3 வோல்ட், அதை ஒட்டியே இருக்கும் இரண்டாவது 5 வோல்ட். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் வயரை மாற்ற முயன்றதில் இரண்டும் தொட்டுக்கொண்டன. பச்சை விளக்கு அணைந்தது, பிறகு எரியவே இல்லை. சிறுமி இரண்டு நாள்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை வாசலில் நின்றபடியே, "எவ்வளவு ஆகும்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க தாத்தா" என்றாள். பணம் வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும் என்பதை நீ இனி வாழ்நாளில் மறக்கமாட்டாய் அல்லவா, அதற்கான கட்டணம் இது என்று சொல்லி, வேறொரு பலகையை வரவழைத்தேன். ஐம்பதாயிரம் ரூபாய் மடிக்கணினியாக இருந்திருந்தால் நானும் இப்படிப் பேசியிருக்கமாட்டேன். முதலில் அதை அவள் கையில் கொடுத்தே இருக்கமாட்டேன்.

நம் கல்விக்கூடங்களின் நிலைமை இங்குதான் எனக்கு வேதனை தருகிறது. நான் அறிந்த ஒரு பள்ளியில் இத்தகைய பலகைகளும் உணரிகளும் மானியத்தில் வாங்கப்பட்டு, நெகிழி உறை பிரிக்கப்படாமல் பீரோவில் பூட்டப்பட்டுள்ளன. ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை இருப்புப் பதிவேட்டில் நிரந்தரப் பொருள்களாக ஏறியுள்ளன; ஆண்டு இறுதிச் சரிபார்ப்பில் ஒன்று குறைந்தாலும், வேலை செய்யாவிட்டாலும், விளக்கம் எழுத வேண்டியவர் அவர்தாம். என் ஆய்வகத்திலும் நான் அப்படித்தான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இருந்தேன். என் மாணவர்களில் எத்தனை பேர் ஒரு கருவியைக்கூடத் தொடாமல் தேர்ச்சி பெற்றுப் போனார்கள் என்பதை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆகவே கல்வித் துறைக்கு என் முதல் வேண்டுகோள் கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. சாக்கட்டியும் வேதியியல் ஆய்வகத்து அமிலமும் சோதனைக்குழாயும் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றனவோ, அந்த நுகர்பொருள் கணக்கிலேயே இப்பலகைகளையும் எழுத வேண்டும். மாணவர் கையில் பத்தில் இரண்டு எரிந்துபோனால், உடைந்த சோதனைக்குழாயைப் போல அவற்றைக் கழித்துவிட ஆசிரியருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கருவிகள் செய்து பழகுவதற்கான, நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கப்படுகிறது. பணம் வருகிறது, பூட்டுத்தான் திறக்கவில்லை.

இரண்டாவது வேண்டுகோள் பொது நூலகத் துறைக்கு. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் பயனாக, நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், புத்தகம் இருப்பது பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பதை நூலகருக்கு முதல் விதியாக வகுத்தார். கடலூர் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் அட்டையைக் காட்டிப் புத்தகத்தை எடுத்துச் செல்வதுபோல, ஒரு பலகையும் நினைவக அட்டையும் மின்வழங்கியும் கொண்ட சிறு பெட்டியைப் பதினைந்து நாள்களுக்கு எடுத்துச் செல்ல ஏன் வழி செய்யக்கூடாது? பலகையின் விலை மட்டுமே செலவு அன்று என்பதை உணர்ந்துதான் இதைச் சொல்கிறேன். நினைவக அட்டை, கேபிள், விசைப்பலகை எல்லாம் சேர்ந்தால் செலவு பலகையின் விலையைத் தாண்டிவிடும். ஓர் ஏழைக் குடும்பம் தடுக்கி விழும் இடம் அதுவே. பெட்டியாக இரவல் கொடுத்தால் அந்தச் சுமை இருக்காது.

ஒரே வகைப் பலகையை மட்டும் நம்பவும் வேண்டியதில்லை. 2021, 2022-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ராஸ்ப்பெர்ரி பை கிடைக்காமல் நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். உணரியின் அளவைப் படிப்பது மட்டுமே வேலை என்றால், ராஸ்ப்பெர்ரி பை வரிசையிலேயே 2021-இல் 4 டாலருக்கு அறிவிக்கப்பட்ட பிக்கோ என்ற சிறு பலகையே போதும்; அது நுண்கட்டுப்படுத்திதான் (மைக்ரோகண்ட்ரோலர்), முழுக் கணினி அன்று, ஆனால் தொடக்கப் பாடத்துக்கு நிறைவானது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தன் வேகா செயலியை வைத்து உருவாக்கியுள்ள ஏரீஸ் பலகையையும் நம் பிள்ளைகள் பழகலாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, அந்தச் சிறுமியின் அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. தொட்டியில் வைத்த கருவியைப் பாலத்துக்கு அடியில் வைத்தால் என்ன என்று அவள் இப்போது கேட்கிறாள். அரசின் வெள்ள எச்சரிக்கைக்கு அது மாற்றாகாது என்று அவளிடம் தெளிவாகச் சொன்னேன். ஆனால் அளந்து பார், ஆற்றுக் காற்றின் வெப்பத்தையும் சேர்த்தே அளந்து பார் என்றும் சொல்லியிருக்கிறேன்.

மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மேசையும், மின் இணைப்பும், பழைய தொலைக்காட்சி ஒன்றும் ஒதுக்கித் தந்தால், ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் வந்து அமர்ந்து கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். தொடக்கத்துக்கு என்னிடம் உள்ள நான்கு பலகைகளையும் கொடுத்துவிடுகிறேன்; அவற்றை நுகர்பொருள் என்றே எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பயிற்றுநர்,
கடலூர் முதுநகர்.