போர்டு ஊமையான கதை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதைப் படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். அம்மா நலம், உன்னை விசாரித்தார்.

உன் மாணவர்களின் ஆம்ப்ளிஃபையர் போர்டு மாஸ்டர் மோடில், அதாவது போர்டே க்ளாக் (தாளத் துடிப்பு) கொடுக்கும் நிலையில், ஊமையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். போன மாதம் நானும் அதே இடத்தில் இரண்டு நாள் நின்றேன். அம்மாவின் பழைய ரேடியோப் பெட்டிக்குள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றும், டாஸ்5756எம் என்ற ஆம்ப்ளிஃபையர் சிப் வைத்த போர்டு ஒன்றும் பொருத்திக்கொண்டிருந்தேன். பை தன் க்ளாக்கிலிருந்து பாட்டுக்கு வேண்டிய 44.1 கிலோஹெர்ட்ஸை நேராக வகுத்து எடுக்க முடியாது. சராசரி சரியாக இருக்கும், ஆனால் துடிப்புகள் ஒரே அளவாக விழாது. போர்டிலோ சீராகத் துடிக்கும் 22.5792 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் இருந்தது. அதனால் சிப்பே க்ளாக் கொடுக்கட்டும், பை அதைப் பின்பற்றட்டும் என்று நினைத்தேன்.

போர்டு ஸ்லேவாக, அதாவது பையின் க்ளாக்கைப் பின்பற்றி, இருந்தவரை நன்றாகப் பாடியது. மாஸ்டராக மாற்றினேன், மூச்சே இல்லை. முதலில் ஸ்பீக்கர் ஒயர், 12 வோல்ட், மியூட் பின் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அது வீண் வேலை. ஸ்லேவில் பாடிய போர்டில் அவையெல்லாம் சரியாகத்தானே இருந்திருக்க வேண்டும்! பையில் பாட்டை ஓட்டும் ‘ஏபிளே’ கட்டளை கொடுத்தபோதுதான் துப்பு கிடைத்தது. அது பாட்டை ஓட்டவே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இன்புட் அவுட்புட் எரர் என்று சொல்லி வெளியே வந்தது. ஸ்லேவாக இருக்கும் பைக்கு க்ளாக் வராவிட்டால் ஒரு பிட்டைக்கூட அனுப்ப முடியாது. பாட்டு முழு நேரம் ஓடியும் சத்தம் வராதிருந்தால் மியூட்டையோ வால்யூமையோ சந்தேகப்படலாம். இப்படித் தொங்கி நின்றால் க்ளாக்கைத்தான் தேட வேண்டும்.

அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை வைத்தேன். ஆஸிலேட்டர் பின்னில் அலை அழகாக ஆடியது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு துடிப்பு தரும் பிட் க்ளாக் பின்னில் நேர்கோடு. அந்தப் பின்னையும், இடது வலது சேனலைப் பிரித்துக் காட்டும் எல்ஆர் க்ளாக் பின்னையும் வெளியீடாக மாற்றும் 9-ஆம் ரெஜிஸ்டரில், அதாவது சிப்பின் அமைப்பு எண்ணை வைக்கும் இடத்தில், 0x11 எழுதியிருந்தேன். திரும்பப் படித்தாலும் அதுவே வந்தது. அதனால்தான் ஏமாந்தேன். அந்தப் பின் வெளியே பார்க்கிறது, ஆனால் உள்ளே அதற்குக் கொடுக்க எதுவும் இல்லை. 12-ஆம் ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டும் தொடக்கத்தில் 0. அப்படி இருக்கும்வரை பிட் க்ளாக், எல்ஆர் க்ளாக் டிவைடர்கள் (துடிப்பை வகுப்பவை) இரண்டும் ஓடாமல் ரீசெட்டிலேயே கிடக்கும். இரண்டையும் 1 ஆக்கியதும் கோடு எழுந்து துடித்தது. அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்திருக்கலாம், சரோஜா. பாலிடெக்னிக்கில் நம் முதல் ஆஸிலேட்டர் ஆடியபோது கையைப் பிடித்துக்கொண்டோமே, அதே சந்தோஷம்.

ஆனாலும் ஸ்கோப்பில் பிட் க்ளாக், ஆஸிலேட்டரை 8 ஆல் வகுத்து 2.8224 மெகாஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் 2.5088 வந்தது. வகுக்கும் எண்ணை வைக்கும் 32-ஆம் ரெஜிஸ்டரில் 8 எழுதியிருந்தேன். அங்கே எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது, 8 எழுதினால் 9 ஆல் வகுக்கும். 7 எழுத வேண்டும். எல்ஆர் க்ளாக்குக்கான அடுத்த ரெஜிஸ்டரில் 64க்குப் பதில் 63. இரண்டையும் திருத்தியதும் எல்ஆர் க்ளாக் சரியாக 44.1 காட்டியது, பெட்டியும் பாடியது. அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவருகே நின்று முழுப் பாட்டையும் கேட்டார்.

இன்னொன்று. பையின் செட்டிங்கிலும் அதை ஸ்லேவ் என்று சொல்லியாயிற்றா என்று மாணவர்களைப் பார்க்கச் சொல். இரண்டு பக்கமும் மாஸ்டரானால் ஒரே கம்பியை இருவரும் இழுப்பார்கள், பின்கள் சூடாகிக் கெடலாம். நான் க்ளாக் கம்பிகளில் 33 ஓம் ரெசிஸ்டர் போட்டே சோதிக்கிறேன். உன் லேபிலும் அப்படியே செய்யுங்கள்.

உங்கள் போர்டில் ‘ஏபிளே’ தொங்கி நிற்கிறதா, ஓடி முடிகிறதா? அதை மட்டும் முதலில் எழுது. பொங்கலுக்கு வரும்போது என் ஸ்கோப்பையும் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் மல்லிகா