என் அப்பாவின் வாட்சில் இருந்த வினாடி முள் எங்கே?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: பழைய சாவி கொடுக்கும் வாட்சைத் திறந்துகூடப் பார்க்காமல் டூப்ளிகேட் என்று சொன்னது, கேட்காமல் வினாடி முள்ளை மாற்றியது. நான்காவது கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே பதில், அதுவும் அனுப்பிய அதே நிமிஷத்தில் வந்து விழுந்தது. மனுஷர் யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறது. இதையாவது ஒருவர் உட்கார்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். எஸ்டேட் துரை 1964-ல் ஊருக்குக் கிளம்பும்போது பல வருஷமாகத் தன் கையில் கட்டியிருந்த உங்கள் கம்பெனி வாட்சைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா 1996-ல் தவறினார். அன்றிலிருந்து அது பீரோ லாக்கரில் 10.20-ல் நின்றபடியே கிடந்தது. போன வருஷம் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே சந்தேகம் வந்தது. இதே மாடல் என்று மற்றவர்கள் போட்டிருக்கும் படங்களில் வினாடி முள் வெறும் மெல்லிய கம்பிதான். அப்பாவுடையதில் நுனி சிவப்பு, நுனிக்குக் கொஞ்சம் உள்ளே குச்சிமிட்டாய் மாதிரி ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஒளிரும் பூச்சு. இது உங்கள் தொழிற்சாலையில் வைத்ததா, இடையில் எவராவது வைத்ததா? இதைச் செய்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று நம்பி, சேலத்தில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கேட்டது இரண்டே விஷயம்: ஓட வையுங்கள், இந்த முள் ஒரிஜினலா என்று சொல்லுங்கள்.

கவுன்ட்டரில் இருந்த தம்பி பின்மூடியைக் கழற்றவே இல்லை. கையை டயல்மேல் குவித்து ஒரு கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டு "ஒளிரல மேடம், டூப்ளிகேட் டயல்" என்றார். 31 வருஷம் அரசுப் பள்ளியில் இயற்பியல் பாடம் எடுத்தவளிடம்! அந்தக் காலத்து ஒளிரும் பூச்சில் இருக்கும் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும், ஆனால் அதோடு கலந்து வெளிச்சம் தருகிற துத்தநாக சல்பைடு சில வருஷங்களில் அடிபட்டுப்போகும், அதனால்தான் பழைய ரேடியம் டயல்கள் இருட்டில் செத்துக் கிடக்கின்றன. ஒளிரவில்லை என்பதால் போலி என்றால், பளபளவென்று ஒளிர்ந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட வேண்டும். அடுத்து, டயலின் அடியில் "ஸ்விஸ்" என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் "டி" (T) எழுத்து இல்லையாம், அதனாலும் டூப்ளிகேட்டாம். அந்த "டி" டிரிடியத்துக்கு, ரேடியத்துக்குப் பதிலாக ஒளிரும் பூச்சில் வந்த பொருள் அது. 1960-களில் ரேடியத்தைக் கைவிட்டு டிரிடியத்துக்கு மாறியபோது போட ஆரம்பித்தது. அதற்கு முந்தின ரேடியம் டயலில் அது எப்படி இருக்கும்? இருந்தால்தானே தப்பு?

அப்புறம் எப்படியோ உங்கள் பெங்களூர் ஒர்க்ஷாப்பில் திறந்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த பதில்: பேலன்ஸ் வீலுக்குப் பக்கத்தில் "ஏ.எஸ்." என்று முத்திரை இருக்கிறது, மெஷின் எங்களுடையது இல்லை. அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் ஊரில் இருந்த ஏ. ஷீல்ட், அதுதான் அந்த "ஏ.எஸ்.", எத்தனையோ வாட்ச் கம்பெனிகளுக்கு மெஷின் செய்து கொடுத்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெட்டிக்கடையில் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர் இதை எனக்கு டீ குடித்துக்கொண்டே சொன்னார். உங்களுக்குத் தெரியவில்லை. சாவித் திருகு மட்டும் ஒரிஜினல் இல்லை என்று நானே முதல் நாளே சொல்லிவிட்டேன். தினமும் சாவி கொடுத்து அது தேய்ந்துபோய் அப்பா மாற்றியது எனக்கு நினைவிருக்கிறது. நான் ஒன்றும் எல்லாமே ஒரிஜினல்தான் என்று அடம்பிடிக்கவில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் 40 நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். டயல், ரேடியம் என்று நான் ஆரம்பித்ததும், "அம்மா, டெக்னிக்கல் விஷயம், வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். நான் வைத்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, இன்றைக்கு எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்தப் பேச்சு உங்களிடம் பதிவாகி இருக்கும், "பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களேதான் சொல்கிறீர்கள், போட்டுக் கேளுங்கள். பயிற்சி தேவைப்படுகிற ஆள் யார் என்று தெரியும்.

வாட்ச் ரெடி, சனிக்கிழமை வாங்க என்று மெசேஜ் வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவையும் முட்டிவலியோடு இறங்கி, அஸ்தம்பட்டியில் இறங்கி ஐந்து ரோட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனால், லாக்கர் சாவி வைத்திருக்கிறவர் லீவாம். "ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே மேடம்" என்கிறார் அதே தம்பி. கூப்பிட்டது யார்? ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்காமல் திரும்பி மலை ஏறினேன். மொத்தம் ஐந்து தடவை இறங்கி ஏறியிருக்கிறேன். இந்த அலைச்சலுக்கு நான் திருப்பதிக்கே நடந்து போயிருப்பேன்.

கடைசியில் வாட்ச் கைக்கு வந்தபோது ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குச்சிமிட்டாய் முள் இல்லை! அதன் இடத்தில் ஏதோ ஒரு வெள்ளைக் கம்பி. பில்லில் 6,800 ரூபாய்க்கு நடுவில் "வினாடி முள் 1" என்று ஒரு வரி. பழைய முள்ளைக் கேட்டால், "ஒரிஜினல் பார்ட் போட்டாச்சு, பழசு எதுக்கு மேடம், பேரீச்சம்பழத்துக்கா போடப் போறீங்க?" சிரித்துக்கொண்டே கேட்டார்.

எதுக்கு என்று சொல்கிறேன். டயல் சந்தன நிறம். வாட்ச் 28 வருஷம் நின்று கிடந்ததில் முட்களில் இருந்த ரேடியம் அடியில் இருந்த டயலைச் சுட்டிருக்கிறது. மணி முள்ளின் நிழல் 10-க்குப் பக்கத்தில், நிமிஷ முள்ளின் நிழல் 4-ல், பழுப்பாக, தேநீர்க் கறை மாதிரி. 7-க்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு வட்டம், அது அந்த வினாடி முள்ளின் வட்டம் விழுந்த இடம். வெறும் கம்பி முள்ளாக இருந்திருந்தால் அந்த வட்டம் எங்கிருந்து வரும்? அதற்கும் முந்தின சாட்சியும் இருக்கிறது. 1972-ல் ஸ்டூடியோவில் எடுத்த எங்கள் குடும்பப் படத்தில், அந்தக் கால வழக்கப்படி அப்பா வாட்ச் தெரியட்டும் என்று இடது கையை முன்னால் நீட்டி வைத்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் வினாடி முள்ளில் அந்தப் புள்ளி தெரிகிறது. 1972-க்கு முன் என்ன நடந்தது என்பதை இந்த இரண்டு சாட்சியும் சொல்லாது, அதைத்தான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் பதிலைச் சொல்லாமல் கேள்வியையே கழற்றி எறிந்துவிட்டீர்கள். கோடி ரூபாய் கொடுத்தாலும் அந்த முள் இனி வருமா? இப்போது வாட்சைப் பார்த்தால் அப்பாவின் கை மாதிரியே இல்லை, யாரோ ஊர் பேர் தெரியாதவர் கை.

ரேடியம் ஆபத்து என்று கழற்றியிருந்தால் அதை எழுத்தில் சொல்லுங்கள், அந்தப் பூச்சு உதிர்ந்து தூசியாக மூச்சில் போனால் நல்லதல்ல என்பது எனக்கும் தெரியும், ஏற்றுக்கொள்வேன். ஆனால் மற்ற இரண்டு முட்களும் அதே பூச்சோடு அப்படியே இருக்கின்றனவே. உங்கள் ஆட்கள் அதை வெறும் கையில்தானே தொட்டார்கள்?

தயவுசெய்து அந்தப் பழைய முள்ளைத் தேடிக் கொடுங்கள். ஒர்க்ஷாப் டப்பாவில் எங்காவது கிடக்கும். அந்த மாடல் எந்த வருஷத்தது, அதற்கு எந்த வகை முட்கள் வந்தன என்று உங்கள் பழைய பதிவேட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "ஒரிஜினல் இல்லை" என்றால் ஏன் என்று காரணத்தோடு எழுதுங்கள், பொறுமையாகப் படித்துக்கொள்கிறேன். போனில் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்கு ஃபீஸும் கிடையாது, பெங்களூருக்கு நான் வர வேண்டியதில்லை, நீங்கள்தான் சேலத்துக்கு வர வேண்டியிருக்கும். அந்த நிலைமை வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

பில் நகல், டயலின் படம், 1972 படம் மூன்றும் இணைத்திருக்கிறேன். கூப்பிடுவதாக இருந்தால் மதியம் 2 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், காலையில் பனி மூடினால் எங்கள் பக்கம் சிக்னல் நிற்காது. என்னிடமே பேசுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
ஏற்காடு